நிற்பவர்களுக்கும் முதுகு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் முதுகுவலி பற்றி ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் முதல் பத்தியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கக் கூடாது, அரை மணிக்கொரு தடவை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வர வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார். நான் மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலை ஒன்பதரைக்கு கவுன்ட்டருக்குள் நுழைந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே வர முடியும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. எங்கள் கவுன்ட்டருக்குள் நாற்காலி கிடையாது. முதுகுவலி மட்டும் உண்டு, ஏழெட்டு வருஷமாக.

பத்திரிகையில் வருகிற முதுகுவலி எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வலியாகவே இருக்கிறது. நின்றே பிழைக்கிறவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டாமா என்றுதான் நானே பேனாவை எடுத்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டிக்கொள்ளுங்கள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். சேலைப் பிரிவில் சும்மா நிற்பது என்று ஒன்று இல்லை. மேல் ரேக்கிலிருந்து சேலைக்கட்டுகளை இறக்க வேண்டும். கவுன்ட்டரின் மேல் சாய்ந்து, முந்தானை எதிரில் இருப்பவர் பக்கம் விழுகிற மாதிரி ஒரே வீச்சில் விரிக்க வேண்டும். "வேற கலர் காட்டுங்க" என்றதும் இடுப்பைத் திருப்பி அடுத்ததை எடுக்க வேண்டும். அவர்கள் போன பிறகு முப்பது சேலை மலை மாதிரி கிடக்கும், பழைய மடிப்பு மாறாமல் ஒவ்வொன்றாக மடிக்க வேண்டும். குனிந்து, திரும்பி, எக்கி, மறுபடி குனிந்து. எங்கள் தளத்தில் செருப்புக்கும் அனுமதி இல்லை. கிரானைட் தரை, ஏசி வேறு. மதியம் மூன்று மணிவாக்கில் இடது இடுப்பில் ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குத் தொடையின் பின்பக்கம் இறங்கும். ஏழு மணிக்குக் கெண்டைக்காலில் சுரீர் சுரீரென்று இழுக்கும். அந்த ஏழு மணிதான் கூட்டம் அள்ளுகிற நேரம், முகத்தில் சிரிப்பு குறையக் கூடாத நேரம்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்தத் தாளைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அரண்டுவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார்: "நாற்பது வயசு தாண்டிய பத்துப் பேரை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாதவர்களிலும் பல பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆபரேஷன் தேவையில்லை. படுத்தே கிடக்காதீங்க. ஒரே மாதிரி ரொம்ப நேரம் நிக்காதீங்க, ஒரே மாதிரி ரொம்ப நேரம் உக்காராதீங்க. மாத்தி மாத்தி இருங்க." சரி டாக்டர் என்றேன். மாற்றுவதற்கு எங்கள் கடையில் வழியில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். இந்த வலியைப் பற்றி எங்கேயாவது ஏதாவது வந்தால் போனில் காட்டுவாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறார்களாம். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற பட்டியல். 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்கிறது அதே நிறுவனம். அதைக் கேட்டதும் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், "நாங்கல்லாம் நாள் பூரா குனிஞ்சே நாத்து நட்டோம், எவளுக்கும் ஒரு டிஸ்க்கும் பிதுங்கலயே" என்றார். அத்தை இப்போது வாக்கரைப் பிடித்துக் குனிந்துதான் நடக்கிறார், அது வேறு கதை.

நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். என்னைப் போல இருப்பவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள், யாருக்காவது உதவும்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்க மாட்டேன். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு காலையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவேன். பாயிலிருந்து கட்டிலுக்கு மாறியதே இதற்காகத்தான். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஒருக்களித்துத் தூங்குவதால் ராத்திரி கொஞ்சம் பரவாயில்லை. எழுந்ததும் முதல் பத்து அடி குதிகால் தரையில் படாது, அப்படி வலிக்கும். அதற்கு ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டுப் பாதத்தால் முன்னும் பின்னும் உருட்டுவேன். வீட்டுக்குள்ளும் எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புதான். குழாயில் தண்ணீர் வரும்போது முழுக்குடம் தூக்குவதில்லை. அரைக்குடமாக இரண்டு நடை, அதுவும் இடுப்பில் வைக்காமல் பக்கத்துக்கு ஒரு வாளியாக இரண்டு கையிலும் பிரித்து.

அடுப்படியில் நான் கண்டுபிடித்த வைத்தியம் மணைப்பலகை. அடுப்புக்குக் கீழே அதைப் போட்டு, ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்பேன். தோசை இரண்டு வெந்ததும் காலை மாற்றுவேன். நம்ப மாட்டீர்கள், அந்த மூன்று அங்குல உயரத்தில் இடுப்பு இறுக்கம் பாதி இறங்கிவிடும். இது சரியான முறைதான் என்று பிறகு பிசியோதெரபிஸ்டும் சொன்னார். ஒரு கால் உயரும்போது கீழ்முதுகின் வளைவு குறைகிறதாம். கடையிலும் இதைச் செய்து பார்த்தேன். கவுன்ட்டருக்கு அடியில் கீழ்த்தட்டின் விளிம்பு சரியான உயரத்தில் இருக்கிறது. ஒரு காலை அதில் வைத்தபடி சேலை காட்டினேன். சூப்பர்வைசர் தம்பி வந்து, "என்னக்கா, டீக்கடையில நிக்கிற மாதிரி நிக்கிறீங்க, கேமராவுல தெரியுது" என்றார். அவரும் சம்பளக்காரர், மேலே இருப்பவர்கள் கேட்பதை அவர் என்னிடம் கேட்கிறார். ஆனாலும் நான் விடவில்லை. இப்போது கேமரா மறைகிற தூண் பக்கமாக நிற்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் என்றேனே, அது அத்தையின் புண்ணியம். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைத்தார்களே, அந்தத் திட்டம். அருமையான திட்டம். ஆனால் அவர்கள் வருகிற நேரத்தில் நான் கடையில் நிற்கிறேன். அதனால் எனக்கான பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் அத்தையிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுப் போனார், மகள் போனில் பிடித்துவைத்தாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் இழுப்பது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது. அவ்வளவுதான். காலையில் செய்தால் அன்றைக்கு மூன்று மணிக்கு வருகிற வலி ஐந்து மணிக்கு வரும். இரண்டு மணி நேரம் லாபம்.

இடுப்பு பெல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தளத்திலேயே நாலைந்து பேர் தினமும் சேலைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். மதுரை வெயிலில் பஸ்ஸில் வரும்போதே உள்ளே ஈரமாகி, பெல்ட் விளிம்பு பட்ட இடமெல்லாம் வேர்க்குரு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் படித்துக் காட்டினாள். அப்புறம் நான் பெட்டி தூக்குகிற நாளில் மட்டும் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

மாத்திரை விஷயம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. கடையைச் சுற்றியுள்ள மெடிக்கல் ஷாப்களில் சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்றால் போதும். நாலு கலரில் நாலு மாத்திரை, காகிதத்தில் மடித்துக் கையில் வந்துவிடும். சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். என்னென்ன மாத்திரை என்று வாங்குகிறவளுக்கும் தெரியாது. டீயோடு போட்டுக்கொண்டு மேலே ஏறினால் கடை சாத்தும்வரை ஓடும். எங்கள் பெண்கள் இதை வெறும் வயிற்றில் போடுகிறார்கள். அதைவிட மோசம், யூரின் போகக் கீழ்த்தளம்வரை இறங்க வேண்டும், கவுன்ட்டரை விட்டுப் போனால் ஏன் எங்கே என்று கேள்வி வரும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், நாள்கணக்கில் சாப்பிட்டால் கிட்னியைப் பாதிக்கும், உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும் என்று டாக்டர் என்னிடம் விளக்கினார். ஆக, எங்கள் வேலை வலியைக் கொடுக்கிறது, அந்த வேலையே மாத்திரையை விஷமாகவும் ஆக்குகிறது. என் பக்கத்து கவுன்ட்டர் தங்கச்சிக்கு முப்பத்தெட்டு வயது. கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவு ஏறிவிட்டது என்று இப்போது மாதாமாதம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு டாக்டர் ராத்திரியில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார். "இது மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறதாச்சே, உனக்கு எதுக்கு" என்று என் தங்கை பதறினாள். குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வழியாகப் போகிற வலியை மட்டுப்படுத்தும் என்பதால் கொடுக்கிறார்களாம். காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், வாய் உலரும். ஆனால் தூக்கம் வருகிறது. தூங்கி எழுந்த நாளின் வலியும் தூங்காத நாளின் வலியும் ஒன்றல்ல என்பது இந்த நோய் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வலி குறைவாக இருக்கிற நாளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இடுப்பு லேசாக இருந்தால், ஒரு வாரப் போர்வையையும் துவைத்துவிடலாம், பரணையும் துடைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். செய்தால் அடுத்த மூன்று நாள் அனுபவிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது: நல்ல நாளில் முடிகிற அளவை விடக் கொஞ்சம் குறைத்துச் செய், மோசமான நாளிலும் கொஞ்சமாவது நட. இந்தக் கணக்கு வீட்டில் ஓடுகிறது. கடையில் வேலையின் அளவை நான் தீர்மானிப்பதில்லை. தீபாவளிக் கூட்டம் என் இடுப்பைக் கேட்டுக்கொண்டு வராது.

பஸ்ஸிலும் ஒரு சங்கடம். 2021-லிருந்து எங்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு சீட் இருக்காது. எனக்கு நரை இல்லை, கையில் கட்டு இல்லை. தலையில் பூ, நெற்றியில் பொட்டு, யூனிஃபார்ம் சேலை கசங்காமல் இருக்கும். "கொஞ்சம் உக்காந்துக்கவா, இடுப்பு வலி" என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பல பெண்கள் கேட்பதில்லை. நான் கேட்டுவிடுகிறேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உட்காருவதற்கு இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். அது சட்டமும் ஆகிவிட்டது. எங்கள் கேன்டீனில் அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது சில பேர் கைதட்டினோம்.

இதில் கேரளா நமக்கு முன்னோடி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டு, பிறகு உட்காரும் உரிமைக்குப் போராடினார். திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் ஆரம்பித்து மாதக்கணக்கில் வெளியே போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. கழிப்பறையும் நாற்காலியும் ஒரே போராட்டத்தில் வந்தது தற்செயல் இல்லை. மேலே நான் சொன்ன தண்ணீர் குடிக்காத பெண்களை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் வந்த கொஞ்ச நாளில் எங்கள் கடையிலும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. தளத்துக்கு நாலு. முப்பது பேருக்கு நாலு. முதல் வாரம் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். அடுத்த வாரம், ஆட்கள் உட்கார்ந்திருந்தால் கடை டல்லாகத் தெரிகிறது என்றார்கள். அதற்கடுத்து, கஸ்டமர் வருகிறார்கள், ஸ்டூல் காலைத் தடுக்கிறது என்றார்கள். இப்போது அவை மாடிப்படிக்கு அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் மேலே வரும், போனதும் கீழே போய்விடும். "உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது" என்று சட்டம் சொல்கிறது. அந்த வாய்ப்பு எப்போது என்று தீர்மானிப்பது யார்? மதியம் இரண்டிலிருந்து நாலுவரை தளத்தில் ஈ காக்கை இருக்காது. அப்போதுதான் "சும்மா நிக்காதீங்க, மடிச்ச சேலையை எடுத்துத் திருப்பி மடிங்க" என்று உத்தரவு வரும்.

முதலாளி பக்கமும் யோசிக்காமல் இல்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் உட்கார முடியாது, நானே உட்கார மாட்டேன். விற்றால்தான் எங்களுக்கும் போனஸ். ஆனால் வருஷத்தில் அது சில வாரங்கள். மற்ற நாளில் கவுன்ட்டர் உயரத்துக்கு ஏற்ற உயர ஸ்டூல் ஒன்று இருந்தால், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் சேலை காட்டலாம். கவுன்ட்டருக்கு அடியில் கால் வைக்க ஒரு பலகை, நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு. மூன்றும் சேர்த்தே ஒரு நல்ல பட்டுச்சேலை விலை வராது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பெரியவருக்கும் முதுகுவலி உண்டு. அவர் நாற்காலியில் முதுகுக்கென்று தனியாக ஒரு குஷன் இருக்கிறது. அவருக்கு இந்த விஷயம் புரியாது என்று நான் நினைக்கவில்லை.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு அது உண்டு, எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதத்தை வருஷத்துக்கு 91 நாள் வரை கொடுப்பார்கள். நானும் ஒரு தடவை எடுத்தேன். வீட்டில் இருந்து, நடந்து, பயிற்சி செய்து, வலி நன்றாகவே இறங்கியது. பிறகு அதே கிரானைட் தரைக்குத் திரும்பினேன். தீபாவளி வருவதற்குள் கால் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. லீவு கொடுக்கிற செலவில் ஸ்டூல் வாங்கிவிடலாமே என்பதுதான் என் கணக்கு.

வேலையை விட்டுவிடலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. தவிர, எனக்கு இந்த வேலை பிடிக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்து பன்னிரண்டு விதமாகப் பேசும்போது, இந்தப் பெண்ணுக்கு இந்த மாம்பழ மஞ்சள்தான் என்று எடுத்துப்போட்டு அத்தனை பேர் வாயையும் அடைக்க எனக்குத் தெரியும். அதை உட்கார்ந்தபடியும் செய்ய முடியும். பட்டுப் பிரிவில் மெத்தையில் உட்கார்ந்துதானே லட்ச ரூபாய்ச் சேலையை விற்கிறார்கள், அங்கே யாரும் மரியாதைக் குறைவு என்று எழுந்து போவதில்லையே.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த முறை முதுகுவலி பற்றி எழுதச் சொல்லும்போது, கடை ஊழியர், கண்டக்டர், செக்யூரிட்டி, பரோட்டா மாஸ்டர் இவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, இந்த இருக்கைச் சட்டம் எங்கள் கடைவீதியில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். சனி ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. செவ்வாய் புதனில் மதியம் மூன்று மணிக்கு, சேலை வாங்குகிறவர் மாதிரியே வரட்டும். பட்டுப் பிரிவுக்குப் போக வேண்டாம். காட்டன் சேலை, சுடிதார், ரெடிமேட் இருக்கிற தளங்களுக்கு ஏறி, எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று எண்ணட்டும். இறங்கும்போது மாடிப்படிக்கு அடியிலும் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
துணிக்கடைப் பணியாளர் ஒருவர்,
மதுரை.

(பெயரையும் கடையையும் போட வேண்டாம். வேலை வேண்டும்.)